மேடாக்கிய மனையின் தண்ணீர் எங்கே போகும்?

எங்கள் தெருவின் கடைசி வீட்டைத் தாண்டினால் ஐந்து ஏக்கர் அளவில் ஒரு பழைய நஞ்சை நிலம் கிடக்கிறது. தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கம் இப்படி மிச்சமிருக்கும் நிலங்கள் குறைவு. பதினைந்து ஆண்டுகளாக அங்கே நெல் விளையவில்லை என்றாலும் வரப்புகள் இன்னும் முழுதாக அழியவில்லை. ஐப்பசியில் இரண்டு நாள் மழை பிடித்தால் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டி நிற்கும். கொக்குகள் வந்து இறங்கும். கார்த்திகை முடியும்வரை அந்தத் தண்ணீர் மெல்லத் தரைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். சென்ற மாதம் அந்த நிலத்தின் முகப்பில் கிராவல் கொட்டி லாரி போவதற்கு வழி போட்டிருக்கிறார்கள். அடுத்த வாரமே சவுடு மண் லோடு லோடாக வந்து இறங்கத் தொடங்கியது. மனைப்பிரிவு வருகிறதாம்.

நானும் இருபது ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு மனைப்பிரிவில்தான் வீடு கட்டினேன். ஆகவே இங்கே இனி யாரும் வீடு கட்டக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அது என் எண்ணமும் அன்று. தாம்பரத்துக்கு அப்பால் நிலம் தேடி வருகிறவர்கள் அனைவரும் சென்னைக்குள் வாங்க முடியாத குடும்பங்கள். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: புதிய வீடுகளுக்கு அனுமதி கொடுக்கும்போது நம் விதிகள் கேட்கும் கேள்வி தவறானது. ‘உன் மனை மூழ்குமா?’ என்று கேட்கிறார்கள். ‘இதுவரை உன் மனையில் நின்ற தண்ணீர் இனி எங்கே போகும்?’ என்று கேட்பதில்லை.

2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவானது. அந்த இரவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. சுவரில் அது விட்டுப்போன பழுப்புக் கோடு இன்றும் இருக்கிறது; மூன்று முறை வண்ணம் பூசியும் அந்த ஓரடி அகலத்தை மட்டும் பூசாமல் விட்டிருக்கிறேன். அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின என்கிறார்கள். ஏரியிலிருந்து அன்று வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட்டதும், அதனால் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் பட்ட பாடும் உண்மை. ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலைப் பக்கத்தில். முடிச்சூர் அதற்கு மேல்புறம் இருக்கிறது. எங்களை மூழ்கடித்த தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம், ஊரப்பாக்கம் பக்கத்து ஏரிகளிலும் வயல்களிலும் தங்காமல் ஒரே நேரத்தில் ஓடிவந்த தண்ணீர். இதை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய ஏரியின் மதகைத் திறந்தவரைக் குற்றம் சாட்டி முடித்துவிட்டால், மேல்புறத்தில் ஒவ்வொரு மனைப்பிரிவுக்கும் கொடுக்கப்பட்ட அனுமதியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒரு வயல் என்ன வேலை செய்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரப்பு அரை அடி உயரம் என்றே வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் அது ஏறத்தாழ 6 லட்சம் லிட்டரைப் பிடித்து நிறுத்தும். ஐந்து ஏக்கரில் 30 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரியில் அளந்தால் 250 லாரிக்கு மேல். அதாவது 15 செ.மீ. மழை பெய்தாலும் அந்த நிலம் தன் எல்லைக்குள் விழுந்ததைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பாது. அதே இடத்தில் கூரையும் சிமென்ட் தளமும் தார்ச்சாலையும் வந்துவிட்டால் விழும் மழையில் பெரும்பங்கு சில நிமிடங்களில் தெருவுக்கு வந்துவிடும். நிலத்தை நான்கடி உயர்த்தினால் இன்னொன்றும் நடக்கிறது. ஆறு கரை புரண்டு வரும்போது அந்த ஐந்து ஏக்கரில் பரவி நின்றிருக்கக்கூடிய தண்ணீரில் இரண்டரைக் கோடி லிட்டருக்குச் சற்றுக் குறைவான அளவுக்கு இனி அங்கே இடமில்லை. அந்தத் தண்ணீர் மாயமாக மறைவதில்லை. உயர்த்தாத பக்கத்துத் தெருவில் ஏறுகிறது.

எங்களுக்கு இது அனுபவம். 2015-க்குப் பிறகு எங்கள் மேற்குப் பக்கத்தில் வந்த ஒரு மனைப்பிரிவு சுமார் நான்கடி மேடாக்கப்பட்டது. 2021 நவம்பரில், ஒரு நாள் அளவில் 2015-ஐவிட மிகக் குறைந்த மழைக்கே எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் மூன்று நாள் நின்றது. மேட்டு மனைகளில் ஒரு சொட்டு இல்லை. அங்கே வீடு வாங்கியவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் விதியில் சொன்னபடிதான் வாங்கினார்கள். அதன் பிறகு எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்காரர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கினார்கள். அடித்தளத்தைச் சுற்றிலும் தோண்டி, வரிசையாக நூற்றுக்கணக்கான ஜாக்கிகளைப் பொருத்தி, ஒருவர் குரல் கொடுக்க எல்லாரும் ஒரே சமயத்தில் ஒரு சுற்றுச் சுற்ற, நாளொன்றுக்குச் சில அங்குலம் வீடு மேலே எழும்புவதை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். பணியிலிருந்து ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் பாதியை ஒருவர் அதற்கே கொடுத்தார். இப்போது தூக்காத வீடுகள்தான் தெருவின் பள்ளம்.

இந்த மேடாக்கும் போட்டியை அரசு தடுக்கவில்லை என்பதோடு நிற்கவில்லை; அதுவே அதைக் கேட்கிறது. பெரிய மனைப்பிரிவுக்கோ அடுக்குமாடிக்கோ விண்ணப்பித்தால், தாழ்வான பகுதி என்றால், வெள்ளத் தேக்கம் பற்றி நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றைச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் கேட்கும். அந்தச் சான்றில் வழக்கமாக வரும் நிபந்தனை, மனையின் தரைமட்டத்தைக் கடல்மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரத்துக்கு மண் நிரப்பி உயர்த்த வேண்டும் என்பது. எல்லையில் வாய்க்கால் இருந்தால் அதன் அகலத்தைக் குறைக்கக் கூடாது, உட்புற வடிகால் அமைத்து அருகிலுள்ள கால்வாயோடு சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் வரும். அந்த மனைக்குள் குடிவரப்போகிறவரின் பார்வையில் இவை அனைத்தும் நியாயமானவை. ஆனால் மண் நிரப்பிய கன அளவுக்கு ஈடாக எங்கே குழி தோண்டப்போகிறாய் என்ற கேள்வி அதில் இல்லை. உன் வடிகால் வந்து விழும் கால்வாய் ஏற்கெனவே எத்தனை மனைப்பிரிவுகளின் தண்ணீரைச் சுமக்கிறது என்ற கணக்கும் இல்லை. ஒவ்வொரு சான்றும் தனித்தனிக் கோப்பு. ஓர் ஏரியின் கீழ் பத்தாண்டில் கொடுத்த நாற்பது சான்றுகளைக் கூட்டிப் பார்க்கும் பொறுப்பை விதி யாருக்கும் தரவில்லை.

மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக இருக்கிறதே என்று கேட்கலாம். 2003-இல் வந்த அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். சென்னையின் கிணறுகளில் மறுபடி தண்ணீர் ஊறியதைக் கண்ணால் பார்த்தவன். ஆனால் அது வறட்சிக்கு வந்த மருந்து. எங்கள் பகுதியில் நவம்பர் நடுவில் கிணற்றுத் தண்ணீரைக் கையால் மொள்ளலாம். தரைக்குக் கீழே இடமே இல்லாதபோது உறிஞ்சுகுழி நிரம்பி வழிவதைத் தவிர வேறென்ன செய்யும்? வெள்ளத்துக்குத் தேவை, தண்ணீரைச் சில மணி நேரம் தரைக்கு மேலேயே பிடித்து வைத்து, பெருமழை ஓய்ந்தபின் மெல்ல விடும் இடம்.

சிங்கப்பூரில் இதைத்தான் செய்கிறார்கள். 2014 முதல் 0.2 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ அரை ஏக்கருக்கு, குறையாத புதிய கட்டுமானம் எதுவானாலும், அங்கிருந்து பொது வடிகாலுக்குப் போகும் உச்ச வேகத்தைக் கட்டுப்படுத்தும் தேக்கத் தொட்டியோ குளமோ தன் எல்லைக்குள்ளேயே அமைத்தாக வேண்டும். தரைமட்டத்துக்கும் அங்கே குறைந்தபட்ச அளவு உண்டு. ஆனால் உயர்த்துவதோடு நிறுத்தவில்லை. தண்ணீரைத் தாமதப்படுத்துவதையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

நமக்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் சென்னைப் பெருநகரின் முழுமைத் திட்டத்தில், 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவதில், செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, தென்கடற்கரையின் நிலத்தடி நீரூட்டப் பகுதி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் என்று சில இடங்களைத் தனியாகக் குறித்து, அங்கே என்ன கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்பதற்குக் கட்டுப்பாடு வைத்தார்கள். குடிநீரைக் காப்பாற்ற ஒரு நீர்ப்பிடிப்பைச் சட்டத்தின் வரைபடத்தில் வரைய முடிந்தது என்றால், அடையாற்றின் மேல்பகுதியையும் அதே வரைபடத்தில் வரையலாம். சென்னைப் பெருநகர் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக 2022-இல் விரிக்கப்பட்டது. மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகும் இந்த நேரத்தில் இதைச் செய்யாவிட்டால், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் நூற்றுக்கணக்கான சிற்றேரிகளுக்குக் கீழே எங்கள் கதையே மறுபடி நடக்கும்.

பள்ளிக்கரணையைப் பார்த்தால் காலம் தாழ்த்துவதன் விலை தெரியும். 2022-இல் அதில் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. பழைய சதுப்பு இதைவிடப் பல மடங்கு பெரிது. அறிவிப்பு வந்த பிறகும் எல்லை எது, சதுப்பைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்புறமான தாக்கப் பகுதி எது என்பது தரையில் அளந்து குறிக்கப்படாமல் கிடந்தது. 2025-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அதை அளந்து முடிக்கும்வரை சதுப்பிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதி கொடுக்கக் கூடாது என்று சொல்ல வேண்டியிருந்தது. அதனால் ஏற்கெனவே அங்கே மனை வாங்கி, வங்கிக் கடனும் கட்டிக்கொண்டிருக்கும் நடுத்தரக் குடும்பங்கள் தவித்ததை நான் அறிவேன். வரைபடம் முன்பே இருந்திருந்தால் அவர்கள் அந்த மனைகளை வாங்கியே இருக்க மாட்டார்கள். நுங்கம்பாக்கத்தில் ஏரிப் பகுதி என்று ஒரு குடியிருப்பு, முகப்பேரில் ஏரித் திட்டம் என்றே ஒரு குடியிருப்பு. பெயரிலேயே ஏரியை வைத்துக்கொண்டு வீட்டு வசதி செய்த காலம் ஒன்று இருந்தது. அன்று அது தவறென்று தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். இன்று தெரியும்.

இருக்கும் விதிகளுக்குள்ளேயே உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்றை நான் பெரிதாக நம்புகிறேன். 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளி ஒதுக்கீடாகத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம். 3,000-க்குக் கீழே எதுவும் இல்லை. இந்த ஒதுக்கீட்டை விதி பூங்காவாகவும் விளையாட்டிடமாகவும் பார்க்கிறது. மனைப்பிரிவின் மிகத் தாழ்ந்த மூலையில் அது அமைய வேண்டும் என்று சொல்வதில்லை. விலைபோகாத கோண மூலையில் அதை ஒதுக்கி, மண் நிரப்பி, நான்கு சிமென்ட் இருக்கைகளைப் போட்டுக் கதவைப் பூட்டி வைத்திருப்பதை எங்கள் பகுதியிலேயே காட்ட முடியும். அதே பூங்காவை மூன்றடி தாழ்வாக அமைத்தால் ஆண்டில் பத்து மாதம் பிள்ளைகள் விளையாடலாம். மற்ற நாள்களில் தண்ணீர் நிற்கும்.

எங்கள் தெருக்கோடி நிலத்தையே எடுத்துக்கொள்கிறேன். சாலைகள் போக மூன்றரை ஏக்கர் மிஞ்சினால் ஒதுக்கீடு 35 சென்ட். அதை மூன்றடி தாழ்த்தினால் சுமார் 13 லட்சம் லிட்டர் கொள்ளும். அந்த வயல் இதுவரை பிடித்து வைத்ததில் ஐந்தில் இரண்டு பங்கு. மீதியைச் சாலையோரப் புல்வாய்க்கால்களிலும் வீட்டுத் தொட்டிகளிலும் தேடலாம். தோண்டிய மண் மனைகளை உயர்த்தவும் உதவும். வெளியிலிருந்து அத்தனை லோடு சவுடு வர வேண்டியதில்லை.

அந்த மனைப்பிரிவின் வரைபடம் ஒன்று விற்பனைத் துண்டறிக்கையில் கிடைத்தது. கிராமப் புலப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நிலத்தின் தென்கிழக்கு மூலையில்தான் பழைய வாய்க்காலின் வாய் இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் கடைசியாக வற்றுவதும் அங்கேதான். வரைபடத்தில் அந்த இடத்தில் பன்னிரண்டு மனைகள் வரைந்திருக்கிறார்கள். பூங்கா வடமேற்கு மேட்டில் இருக்கிறது. இரண்டையும் இடம் மாற்றினால் மனைகளின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையாது. இதைப் படத்தோடு எழுதி, எங்கள் தெருவில் இருபத்து மூன்று வீட்டாரின் கையெழுத்தோடு, இறுதி அனுமதிக்கு முன் பரிசீலிக்கும்படி சென்ற திங்கட்கிழமை மனுக் கொடுத்திருக்கிறேன்.