வேளாங்கண்ணி நடைபயணம்: ஒரே ஆயரின் கீழ் இருந்த இரண்டு ஊர்கள்

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குள் மாதா காலடியில் சேர வேண்டுமென்று, நேர்த்திக்கடனுக்காகச் சென்னையிலிருந்து காவி உடுத்தி நடப்பவர்கள் பல மறைமாவட்டங்களைக் (ஓர் ஆயரின், அதாவது பிஷப்பின், ஆளுகைக்கு உட்பட்ட பகுதிகளை) கடக்கிறார்கள். சென்னை-மயிலை முதலில், 2002-இல் அதிலிருந்து பிரிந்த செங்கல்பட்டு அடுத்து, பிறகு புதுவை-கடலூர், காரைக்காலும் அதைச் சேர்ந்ததே. நாகைக்குள் கால் வைத்தால் தஞ்சை மறைமாவட்டம்.

1952 நவம்பர் 13 வரை, சென்னை மயிலையில் உள்ள சாந்தோமும் வேளாங்கண்ணியும் ஒரே மயிலை ஆயரின் கீழ்தான் இருந்தன. 1606-இல் கொச்சியிலிருந்து பிரிந்த அந்த மறைமாவட்டத்துக்கு ஆயரை முன்மொழியும் உரிமை போர்ச்சுக்கல் அரசருடையது. இடையில் இருந்த புதுவையோ பிரெஞ்சு குருக்களின் பணித்தளம். ரோமையில் உள்ள திருத்தந்தையின் (போப்பின்) ஆளுகையும் போர்ச்சுக்கலின் உரிமையும் மோதியதில், 1838-இல் மயிலையின் அதிகாரத்தை ரோமை பறித்தது, 1886-இல் திரும்பியது. யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் தவித்த சனங்கள்தான் பாவம். 1950-இல் போர்ச்சுக்கல் அந்த உரிமையை விட்டுக்கொடுத்த பிறகே, 1952-இல் தஞ்சை தனி மறைமாவட்டமானது. பத்தே ஆண்டில், 1962-இல், திருத்தந்தை 23-ஆம் யோவான் வேளாங்கண்ணி ஆலயத்தைப் பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதிக்கு உயர்த்தினார்.

இந்தப் பிரிவினையால் இன்றும் குழம்புபவர்கள் உண்டு. வேளாங்கண்ணியில் திருமணம் வைக்கச் சொந்தப் பங்குத்தந்தையின் (ஊர்க் கோவில் குருவின்) கடிதமும் திருமுழுக்குச் (ஞானஸ்நானச்) சான்றும் வேண்டும். மறைமாவட்டம் பிரிந்துவிட்டதே என்று பழைய பேராயர் இல்லத்துக்கு அலைய வேண்டாம். திருமுழுக்குப் பதிவேடு, திருமுழுக்குப் பெற்ற பங்குக் கோவிலிலேயேதான் இருக்கும்.

விடியுமுன் நடங்கள், வெயில் ஏறினால் தார்ச்சாலை பாதத்தைப் பொசுக்கிவிடும். கொப்புளத்தைக் குத்தாதீர்கள், சீழ் பிடிக்கும். ஊர் எல்லையில் "ரூம் வேணுமா" என்று பையை இழுப்பவர்களையும், மெழுகுவர்த்தியைக் கையில் திணித்துவிட்டு விலை சொல்பவர்களையும் பொறுத்துப்போவதுதான் பெரிய தவம். மாதா குளத்துக்கு மணலில் முழங்காலிட்டுப் போகிறவர்கள் இருட்டிலேயே தொடங்கினால் மணல் சுடாது.

பீடத்தின் முன் நிற்கக் கிடைப்பது சில நொடிதான், பின்னால் கூட்டம் நெருக்கும். கேட்க வைத்திருந்த விண்ணப்பமெல்லாம் மறந்துபோய் நன்றி மட்டும்தான் வாயில் வரும். ஆயர்கள் மாறினார்கள், அரசர்கள் போனார்கள். குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய தாய் கேட்டதைக் கொடுத்துக்கொண்டேயிருக்கிறாள். பிள்ளை வரம் தந்தவளே, நோய் தீர்த்தவளே, இத்தனை தூரம் நடக்க வைத்தவளே, உமக்குக் கோடி நன்றி. மரியே வாழ்க!