பழைய வேலையைத் திரும்ப வாங்க நான் அலைந்த அலைச்சல்

நான் திரும்பவும் முகமாலைக்கு மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகத் தொடங்கி மூன்று கிழமை ஆகிறது. முழங்கால் நோகிறது, மார்புக் கவசத்துக்குள் வியர்வை ஊறுகிறது. ஆனாலும் இரவில் நிம்மதியாக நித்திரை கொள்கிறேன். ஒரே நிறுவனத்துக்குள் வேலை மாறிவிட்டு மனம் ஒட்டாமல் இருக்கிற ஆட்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களாவது என்னைப்போல அலையக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

மிதிவெடி அகற்றும் வேலையில் நாலு வருடமும் ஏழு மாதமும் இருந்தேன். தை மாதம் கிளிநொச்சிக் கந்தோரில் கணினியில் பதிவு செய்ய ஆள் தேவை என்று அறிவித்தார்கள். நான் வேலை முடிந்து வரும்வரை அம்மா படலையடியிலேயே நிற்பவர். "நிழலுக்குள்ள இருக்கிற வேலை, யோசிக்காமல் போ பிள்ளை" என்றார். எழுதிப் போட்டேன், கிடைத்தது. மாற்றக் கடிதத்தில் மூன்று மாதம் பரீட்சார்த்த காலம் என்றும், அதற்குள் இரு பக்கமும் மாற்றத்தை மீளப் பெறலாம் என்றும் ஒரு வரி இருந்தது. அதை நான் சரியாக வாசிக்கவில்லை. கையெழுத்து வைக்கும் இடத்தைத்தான் பார்த்தேன்.

இரண்டாம் கிழமையே விளங்கிவிட்டது. களத்திலிருந்து பின்னேரம் வரும் தாள்களைப் பார்த்துப் பதிவதுதான் வேலை. அன்று எடுத்த மிதிவெடிகளின் வகையும் எண்ணிக்கையும் 'பி4 – 6, ஜொனி – 2' என்று இருக்கும். ஜொனியின் மரப்பெட்டி உக்கி மண்ணோடு மண்ணாய்க் கிடக்கும். றேக்கால் மணலை மெல்ல மெல்ல இழுத்து வரும்போது மணலின் நிறம் கொஞ்சம் மாறும், கை அந்த இடத்திலேயே நின்றுவிடும். அந்த ஆறையும் இரண்டையும் என் குழுப் பெண்கள் முழங்காலில் நின்று எடுத்திருக்கிறார்கள், நான் மின்விசிறிக்குக் கீழே இருந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கமெல்லாம் தென்னங்காணிகள். சொந்தக் கிணற்றடிக்குப் போக முடியாமல் இன்னும் காத்திருக்கிற சனங்களை எனக்குத் தெரியும். கள அலவன்ஸ் நின்றதால் கைக்கு வரும் சம்பளமும் குறைந்தது. ஆனால் காசு மட்டும் என்றால் பொறுத்திருப்பேன்.

நான் விட்ட முதல் பிழை, வாயால் மட்டும் சொன்னது. மூன்றாம் கிழமை பொறுப்பதிகாரியிடம் சொன்னேன். "புது வேலை, அப்படித்தான் இருக்கும், பழகிப் பாருங்கோ" என்றார். ஆறாம் கிழமை வட்ஸ்அப்பில் எழுதினேன். நீல நிறத்தில் இரண்டு கோடு வந்தது, பதில் வரவில்லை. பன்னிரண்டாம் கிழமை, பழைய குழுவில் இருந்த ஒரு அக்காதான் ஏசினா. "கடிதமாய்க் குடு. இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில திகதி போட்டு சீல் அடிச்சு வாங்கிக்கொண்டு வா" என்றா. மனிதவளப் பிரிவுக் கிளாக்கர் சீல் அடிக்க விரும்பவில்லை. "வைச்சிட்டுப் போங்கோ, நான் குடுக்கிறன்" என்றார். நான் மேசைக்கு முன்னாலேயே நின்றேன். பத்து நிமிடம் கழித்து லாச்சியைத் திறந்து சீலை எடுத்தார்.

அந்தச் சீல்தான் என்னைக் காப்பாற்றியது. அதற்குப் பிறகு முகாமையாளர் லீவில் போய்விட்டார். அவர் வருவதற்குள் மூன்று மாதம் தாண்டிவிட்டது. "காலம் முடிஞ்சுது, இனி ஒன்றும் செய்ய ஏலாது" என்று கிளாக்கர் கையை விரித்தார். பிரதியை எடுத்து மேசையில் வைத்தேன். திகதியைப் பார்த்துவிட்டு அவர் அதன்பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

ஆனால் வேறு வழி ஒன்று சொன்னார். "தங்கச்சி, சுகமான வழி இருக்கு. றிசைன் பண்ணிப்போட்டு புதுசா அப்ளிகேசன் போடுங்கோ, ஒரு கிழமையில எடுப்பம்." அன்று எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கடிதமும் எழுதிவிட்டேன். இரவு படுக்கும்போதுதான் சேவைக்கால விசயம் ஞாபகம் வந்தது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியாக்கியவருக்குத்தான் வேலையை விடும்போது கிராஜுவிட்டி கிடைக்கும். ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் அரை மாதம். எனக்கு அப்போது நாலு வருடமும் பத்து மாதமும். கையெழுத்து வைத்துக் கொடுத்திருந்தால் அத்தனை வருடமும் தண்ணீரில் போயிருக்கும், திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். ஆராவது உங்களிடம் 'விட்டிட்டு வாங்கோ' என்று சொன்னால் தயவுசெய்து உடனே தலையாட்டாதீர்கள். உள்ளக மாற்றம் என்றுதான் கேளுங்கள். 'சேவை முறிவின்றி' என்ற சொல் கடிதத்தில் இருக்க வேண்டும்.

முகாமையாளர் வந்த பிறகு கதைத்தது அரை மணித்தியாலம். மனிதர் நல்லவர், என் நன்மைக்குத்தான் சொன்னார். "இலங்கை மிதிவெடியைத் தடை செய்யிற ஒட்டாவா உடன்படிக்கையில சேர்ந்திட்டுது. 2028 ஆனிக்குள்ள முடிக்க வேணும் எண்டு கெடு இருக்கு. களவேலை எவ்வளவு காலத்துக்கு? கந்தோர் எண்டால் பிறகும் உதவும்" என்றார். அது எனக்கும் தெரியும். முடியப்போகிற வேலை என்பதால்தான் அது முடியும்போது நான் அங்கே நிற்க வேண்டும் என்று சொன்னேன். என் இடத்துக்குப் புதிதாக வந்த பிள்ளையை மாற்ற வேண்டாம், எந்தக் குழுவில் விட்டாலும் சரி என்றும் சொன்னேன். அதைச் சொன்ன பிறகுதான் அவர் முகம் இளகியது. இன்னொரு குழுவில் ஒருவர் பிரசவ லீவில் போக இருந்தார். அந்த இடம் எனக்கு வந்தது. பழைய குழுதான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

அடுத்தது மருத்துவச் சான்றிதழ். இதற்கு இரண்டு நாள் போனது. புதன்கிழமை விடியவே ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று, மதியம் டொக்டரின் கையெழுத்தோடு கந்தோருக்கு வந்தால், கண் பரிசோதனைப் பகுதி வெறுமையாக இருக்கிறது, டொக்டரின் பதிவிலக்கச் சீலும் இல்லை. திரும்பவும் வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்ட முதல் படிவத்தை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் வாசியுங்கள்.

மீள்பயிற்சி ஒரு கிழமை. கை ஒன்றையும் மறக்கவில்லை. சோதனையும் பாஸ்.

இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்து, திங்கட்கிழமை விடிய நாலு மணிக்கு எழும்பி, பரந்தன் சந்தியில் வாகனம் ஏறிப் போனேன். களப் பொறுப்பாளர் பெயர்ப் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் பட்டியலைப் பார்த்தார். என் பெயர் களக் காப்புறுதியில் இல்லை. கந்தோருக்கு மாறியபோது வெட்டியவர்கள் திரும்பச் சேர்க்கவில்லை. "குறை நினையாதேங்கோ தங்கச்சி, இதில்லாமல் சிவப்புத் தடிக்கு அங்கால ஒரு அடியும் விடமாட்டன்" என்றார். அவர் செய்தது முழுக்கச் சரி. ஆனால் எல்லோரும் கவசத்தைப் போட்டுக்கொண்டு வரிசையாக உள்ளே போக, நான் முதலுதவிக் கொட்டிலில் பின்னேரம்வரை காத்திருந்தேன். அழுகை வந்தது. மாற்றக் கடிதம் கைக்கு வந்த அன்றே காப்புறுதிப் பட்டியல், இரத்த வகை அட்டை, சம்பளப் பதிவு மூன்றிலும் பெயர் ஏறியதா என்று போய்ப் பார்த்துவிடுங்கள். ஒரு பிரிவு மற்றப் பிரிவுக்குச் சொல்லும் என்று நம்பி இருக்காதீர்கள்.

வியாழக்கிழமை பெயர் ஏறியது. வெள்ளிக்கிழமை என் லேனில், எனக்கென்று பிரித்துவிட்ட ஒடுங்கிய நிலத்துண்டில், முழங்காலை ஊன்றினேன். பத்தரை மணிபோல ஒரு பி4. உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. விசிலை ஊதிவிட்டுப் பின்னுக்கு வந்து, பொறுப்பாளர் வரும்வரை நின்றேன்.

அம்மா இன்னும் படலையடியில்தான் நிற்கிறார். அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. இந்த மாதச் சம்பளச் சீட்டில் எட்டு நாள் கள அலவன்ஸ் குறைந்து விழுந்திருக்கிறது. இந்த முறை கடிதமாகவே கொடுத்து, பிரதியில் சீலும் வாங்கியிருக்கிறேன்.