மறுத்தவருக்குப் போன் செய்வதா

ஏப்ரல் 4
என் மகன் தான் காதலிக்கும் ஆணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். அதற்குப் படம் எடுக்க முடியாது என்று போட்டோகிராபர் மெசேஜ் போட்டுவிட்டார். அட்வான்ஸையும் உடனே திருப்பி அனுப்பிவிட்டார்.

ஏப்ரல் 5
அந்த மெசேஜையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். "உங்கள் மகனும் அவரும் நன்றாக இருக்கட்டும், ஆனால் என் நம்பிக்கை இதற்கு இடம் கொடுக்கவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா." திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். இவ்வளவு மரியாதையாகச் சொன்னால் என்ன செய்வது? பையன் "விடும்மா, வேற ஆள் பார்க்கலாம்" என்றான். முகத்தைக் காட்டவில்லை. திரும்பி நின்று சார்ஜர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான், சுற்றி முடித்ததை அவிழ்த்து மறுபடியும் சுற்றினான்.

ஏப்ரல் 7
தூக்கமில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்த கேக் கடை வழக்கைப் படித்தேன். 2012-ல் சார்லி கிரெய்க், டேவிட் மல்லின்ஸ் என்ற இரண்டு ஆண்கள் தங்கள் கல்யாணத்துக்குக் கேக் கேட்டுப் போனார்கள். கேக் எப்படி இருக்கவேண்டும் என்ற பேச்சே வரவில்லை, அதற்குள் கடைக்காரர் மறுத்துவிட்டார். 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஏழுக்கு இரண்டு என்று அவர்தான் ஜெயித்தார். ஆனால் புகாரை விசாரித்த மாநில சிவில் உரிமை ஆணையம் அவருடைய மதத்தை வெறுப்போடு அணுகியது என்பதுதான் காரணம், மறுக்கலாமா கூடாதா என்பதை அப்படியே விட்டுவிட்டார்கள். சரி, அது இருக்கட்டும். அன்று சார்லியின் அம்மாவும் கூடப் போயிருக்கிறார். மறுநாள் கடைக்குப் போன் செய்து, ஏன் என் பிள்ளைக்கு மறுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

ஏப்ரல் 8
போன் செய்யலாமா?

ஏப்ரல் 10
எனக்கு ஒவ்வாத வாசகத்தை என் கையால் எழுதச் சொன்னால் நானும் மாட்டேன். வட அயர்லாந்து பேக்கரி வழக்கில், 2018-ல், பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அதைத்தான் சொன்னது: கடைக்காரர் மறுத்தது கேக்கில் எழுதக் கேட்ட, ஒருபாலினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தை, கேட்ட ஆளை அல்ல. இதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் எந்த வாசகமும் கேட்கவில்லையே! எல்லோர் கல்யாணத்துக்கும் எடுப்பதைத்தானே கேட்டோம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் இதே மாதிரி ஒரு போட்டோ நிறுவனம் மறுத்தபோது, 2013-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அது சட்டப்படி தப்பு என்றது. பத்து வருடம் கழித்து, ஒருபாலினத் திருமணத்துக்கு வெப்சைட் செய்ய மாட்டேன் என்ற ஒரு பெண்ணின் வழக்கில், வெப்சைட் செய்வது அவருடைய பேச்சு, பேச்சுரிமை இருப்பதால் கட்டாயப்படுத்த முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்றாகத் தீர்ப்பளித்தது. இனி எதைத்தான் பேச்சு என்று சொல்லமாட்டார்கள்? கறுப்பினத்தவருக்குப் பரிமாறுவது என் மத நம்பிக்கைக்கு விரோதம் என்று ஒரு உணவக முதலாளியும் வாதாடினாரே. 1968-ல் அதே நீதிமன்றம் அந்த வாதத்தைத் தூக்கி எறிந்தது. அவரும் நம்பிக்கை என்றுதான் சொன்னார்.

ஏப்ரல் 13
போன் செய்துவிட்டேன். அவர் குரலும் நடுங்கியது. பொய் சொல்லும் ஆள் இல்லை, அது தெரிந்தது. "உங்க பையன் மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. பிறந்தநாளுக்குக் கூப்பிடுங்க, கண்டிப்பா வரேன். இந்தக் கல்யாணம் மட்டும் வேண்டாம்." அவன் வாழ்க்கையில் எந்த நாள் நல்ல நாள் என்று இவர் பிரித்துக் கொடுக்கிறார். நம்பிக்கை அவருடையது, அதில் நான் கை வைக்கவில்லை. ஊருக்கெல்லாம் பொது என்று போர்டு மாட்டிவிட்டு, வாசலில் நிற்பவனைப் பார்த்து நீ மட்டும் போ என்பதை என்னால் ஏற்கவே முடியாது.

ஏப்ரல் 14
பையனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 16
வேறொருவர் கிடைத்திருக்கிறார். பேச ஆரம்பிக்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிடப்பா, பிறகு இன்னொரு தடவை வேண்டாம் என்றேன். "மத்தவங்க எல்லாம் தேதியைத்தானேம்மா முதல்ல சொல்றாங்க" என்றான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாளைக் காலை பதினொரு மணிக்கு வருகிறாராம்.