உப்புக்கு ஒரு கிராம்

பாலாற்றங்கரையில் பிறந்தவனுக்குத் தூண்டில் ஆசை வரக்கூடாது. வந்தாலும் கடல்மீன் பிடிக்கிற ஆசை வரவே கூடாது. எங்கள் ஊர் பள்ளிகொண்டா. வருஷத்தில் முக்கால்வாசி நாள் எங்கள் ஆற்றில் மணல்தான். 2021 நவம்பரில் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு வெள்ளம் போனபோது, ஊரே பாலத்துக்குப் போய்த் திருவிழா மாதிரி வேடிக்கை பார்த்தது. கிட்டத்திலிருக்கும் கடலுக்குப் போக வேண்டுமென்றால் காஞ்சிபுரம், செங்கல்பட்டு வழியாகப் பைக்கில் நாலு மணி நேரம். இந்த லட்சணத்தில் நான் ஆறு வருஷமாகக் கடலுக்கு லூர் செய்துகொண்டிருக்கிறேன். லூர் என்றால் பொம்மை மீன். உண்மை மீனை ஏமாற்றுகிற மீன்.

பிழைப்புக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிறேன். அரை மில்லிமீட்டர் பிசகினால் தையல்காரர் திட்டுவார். அந்தக் கை இதற்கு உதவுகிறது. ஒரு வித்தியாசம்தான்: ஷூவில் இடதும் வலதும் வேறு வேறு, மீனில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அட்டையில் பாதி மீனை மட்டும் வெட்டி, அதையே திருப்பிப் போட்டு வரைவேன்.

கட்டை, கல்யாண முருங்கை. இணையத்தில் எல்லாரும் பால்சா என்பார்கள், அதன் விலைக்கு நான் மீனையே வாங்கிவிடலாம். கல்யாண முருங்கை எங்கள் பக்கம் வேலியிலேயே நிற்கிறது. இலையை அம்மா அடைக்கு எடுத்துக்கொள்வார், காய்ந்த கிளை எனக்கு. நகம் பதிகிற அளவுக்கு மெத்து. நிழலில் நன்றாகக் காயவைத்து, கத்தியில் சீவி, உப்புத்தாள் போட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் உடம்பு தயார். அப்புறம் வயிற்றை ரம்பத்தால் நீளவாக்கில் கீறி, தலை முதல் வால் வரை ஒரே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியை உள்ளே இறக்க வேண்டும். கட்டை உடைந்தாலும் மீன் கம்பியில் நிற்கும். அந்தக் கீறலிலேயே ஈயமும் போகும். வலைக்குக் கட்டுகிற ஈய மணியை வாங்கி வந்து, வீட்டுக்கு வெளியே, காற்று நம் முகத்துக்கு எதிரே வராத பக்கமாக நின்று உருக்குவேன். ஈயப் புகை நல்லதல்ல.

முகத்தில் ஒரு நாக்கு வேண்டும். தண்ணீரை முட்டி உடம்பை ஆட்டுவது அதுதான். நாக்கு நேராகத் தொங்கினால் லூர் மேலாக ஓடும், ஆட்டம் அதிகம். உடம்போடு ஒட்டி முன்னால் நீண்டால் ஆழத்துக்குப் போகும். முதல் நாக்கைப் பழைய ஹெல்மெட் கண்ணாடியில் வெட்டினேன். பாலிகார்பனேட், உடையாது, நல்ல சரக்குதான். ஆனால் ஹெல்மெட் கண்ணாடி வளைந்தது என்பதை யோசிக்கவில்லை. அந்த லூர் இழுத்த போதெல்லாம் இடது பக்கமே போய்க் கரையில் மோதியது. நூல் கட்டுகிற மூக்கு வளையத்தை வலது பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப் பார்த்தேன். இடதே ஓடினால் வலது வளைக்க வேண்டும், அது சரியான வைத்தியம். ஆனால் நாக்கே கோணலாக இருந்தால் வைத்தியம் என்ன செய்யும்?

அலங்காரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். செதில் பளபளப்புக்கு ஆம்பூர் பிரியாணி பார்சலில் வருகிற அலுமினியத் தாள். நன்றாகக் கழுவ வேண்டும், இல்லையென்றால் நெய்யில் பெயின்ட் ஒட்டாது. மேலே கொசுவலையை இழுத்துக் கட்டி ஸ்பிரே அடித்தால் செதில் வரிசை அச்சாக விழும். கண்ணுக்கு என் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டு. கடைசியில் எபாக்ஸி பூச்சு. அது வழியாமல் காய, பழைய மைக்ரோவேவில் தட்டைச் சுற்றுகிற மோட்டாரில் மாட்டி ராத்திரி முழுக்கச் சுற்றவிடுவேன். நிமிஷத்துக்கு ஐந்தாறு சுற்று. இருட்டில் எழுந்து வந்தவர்கள் பயந்திருக்கிறார்கள்.

நான் செய்ய நினைத்தது நடுத்தண்ணீரில் நிற்கிற லூர். இழுக்கும்போது நீந்த வேண்டும், நிறுத்தினால் மிதக்கவும் கூடாது, மூழ்கவும் கூடாது, அப்படியே நிற்க வேண்டும். கொடுவா மீன் பெரும்பாலும் நிறுத்தும்போதுதான் வாய் வைக்கும். 14 சென்டிமீட்டர் நீளம், மடவைக் குஞ்சு உருவம். மாமா நிலத்துப் பம்புசெட் வாய்க்காலில் நூலில் கட்டிப் பிடித்து ஆட்டம் பார்த்தேன். கிணற்றில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இழுத்து, பாதியில் நிறுத்தினேன். மந்திரம் போட்ட மாதிரி நின்றது. மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடா, உசுரு கீதா அதுக்கு?" என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

அடுத்த வாரம் கோவளம். கடலில் போட்டு இழுத்து நிறுத்தினேன். பொம்மை மெதுவாக மேலே வந்து, வயிற்றைக் காட்டாத குறையாக மிதந்தது. பத்து தடவை போட்டாலும் பத்து தடவையும் அதே.

காரணம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நல்ல தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, அதனால் அது 1025 கிராம் வரை வரும். என் லூர் 40 மில்லி இடத்தை அடைக்கிறது. கிணற்றில் அது நடுவில் நிற்க 40 கிராம் இருந்தால் போதும். கடலில் 41 வேண்டும். ஒரே ஒரு கிராம். தங்கம் வாங்கும்போது மட்டும்தான் ஒரு கிராமை மதிக்கிறோம்.

சரி, வீட்டிலேயே கடல் செய்யலாம் என்று அண்டாவை எடுத்தேன். எவ்வளவு உப்பு போடுவது என்று நான் கணக்குப் போடுவதற்குள் அம்மா வந்துவிட்டார். "முட்டை மிதக்கிற வரைக்கும் போடுப்பா, அதான் பதம்." நார்த்தங்காய் ஊறுகாய்க்கு அவர் பார்க்கிற பதம் அது. போட்டேன். முட்டை மிதந்தது, லூரும் தக்கை மாதிரி துள்ளிக்கொண்டு மிதந்தது. ஈயம் சேர்த்தேன், மறுபடி சேர்த்தேன். அப்படிச் சரிசெய்த இரண்டு லூர்களும் கோவளத்தில் கல் மாதிரி அடியில் போய்ப் பாறையில் மாட்டி, நூலோடு போயின. புது முட்டை கடல் தண்ணீரில் மூழ்கும். அது மிதக்கக் கடலைப் போல மூன்று மடங்கு உப்பு வேண்டும். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "கடலுக்கு ஊறுகாய் போடத் தெரியாதுன்னா நான் என்ன பண்ண?" என்றார்.

இப்போது அண்டாவில் 20 லிட்டருக்கு 700 கிராம் கல் உப்பு. நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்ன தராசு ஒன்றும் வாங்கினேன். அளக்கும் விதம் சுலபம். தராசில் நல்ல தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். லூரை எல்லா ஹூக்கும் வளையமும் மாட்டிய நிலையில் ஊசியால் குத்தி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் முழுக்க அழுத்த வேண்டும். தராசு காட்டுகிற கிராம்தான் அது அடைக்கிற மில்லி. அதோடு நாற்பதில் ஒரு பங்கைக் கூட்டினால் கடலுக்கு வேண்டிய எடை. எபாக்ஸி பூசுவதற்கு முன்பே ஈயத்தை முடித்துவிடாதீர்கள். பூச்சும் எடைதான், நான் அதில் மூன்று லூர்களை இழந்தேன்.

போன மார்கழியில் கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூர்ப் பக்கம் பாலாறு கடலில் சேருகிற முகத்துவாரத்துக்குப் போனேன். எங்கள் ஊர் ஆற்றின் கடைசியைப் பார்க்க எனக்கு 43 வயது ஆகியிருக்கிறது. அங்கே தண்ணீர் ஓடியது. கொஞ்ச நேரம் தூண்டிலை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் 41 கிராம் லூரை வீசினேன். நிறுத்தியதும் மூழ்கியது. மறுபடியும் கோளாறு. பாட்டிலில் மேல்தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டேன் (வீட்டில் நிறுத்தபோது லிட்டருக்கு 1004 கிராம், ஏறக்குறைய நல்ல தண்ணீர்). பக்கத்தில் வீச்சுவலையோடு நின்ற பெரியவர் நான் பாட்டில் பிடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்.

"குடிக்கவா தம்பி?"

"இல்லண்ணே, உப்பு பாக்க."

"மேல இன்னா உப்பு பாக்கறே? மழத்தண்ணி மேல ஓடுது. உப்பு அடியில கீது. மீனும் அடியிலதான்."

உப்புத் தண்ணீர் கனம், அதனால் கீழே தங்குகிறது. நல்ல தண்ணீர் அதன் மேல் வழுக்கிக்கொண்டு கடலுக்குப் போகிறது. அடுத்த வீச்சில் நிறுத்திவிட்டு நூலையே பார்த்தேன். பொம்மை மூழ்க மூழ்க நூல் மெல்லத் தளர்ந்து இறங்கியது. நான் எண்ணி ஏழில் இறங்குவது நின்றது. அடி தட்டவில்லை, இழுத்தபோது சுத்தமாக ஓடி வந்தது. மேல்தண்ணீரில் மூழ்கி, உப்புத் தண்ணீரைத் தொட்டதும் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. நான் கோளாறு என்று நினைத்த லூர் என்னைவிடச் சரியாக உப்பைத் தேடிப் போயிருக்கிறது.

நாலாவது வீச்சில், ஏழு எண்ணி, எட்டு சொல்வதற்குள் நூல் பக்கவாட்டில் ஓடியது. கொடுவா, ஒன்றேகால் கிலோ இருக்கும். பெரியவர் மீனைப் பார்க்கவில்லை. லூரை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "பொட்டு வச்சிகீறியே" என்றார்.

அந்த லூரில் இப்போது பல் தடம் வழியாகத் தண்ணீர் இறங்கி, வயிற்றுப் பக்கம் கட்டை உப்பிவிட்டது. நேற்று நிறுத்துப் பார்த்தேன், 42.3. உப்பிய இடத்தைச் சீவிவிட்டுப் புதுசாகப் பூச வேண்டும்.