லாகருக்கு ஒரு லிட்டர் ஸ்டார்ட்டர் போதாது

குளிரில் மெதுவாக நொதிக்கும் பீரான லாகரை வீட்டில் முதல்முறை போடப்போகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: திரவ ஈஸ்ட் பாக்கெட் ஒன்று வாங்கியாகிவிட்டது, ஒரு லிட்டர் ஸ்டார்ட்டர் (பீரில் சேர்க்கும் முன் ஈஸ்ட்டைப் பெருக்குகிற சின்னக் கரைசல்) போட்டால் போதும்தானே? போதாது. அறைச் சூட்டில் நொதிக்கும் ஏல் வகை பீர் என்றால் சமாளித்துவிடலாம், லாகரில் அதே அளவை வைத்துக்கொண்டு இறங்கினால் நொதிக்கத் தொடங்குமா என்று மூன்று நாள் மூடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே வீட்டில் பீர் காய்ச்சுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. நான் எழுதுவது அமெரிக்காவில் இருந்துகொண்டு. இங்கே 1978இல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு, ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு வருடம் 100 காலன், வீட்டில் வயதுவந்தவர்கள் இரண்டு பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் 200 காலன் வரை காய்ச்சலாம். விற்கக்கூடாது.

சரி, கணக்குக்கு வருவோம். ப்ரூயிங்கில் பழகிப்போன ஒரு சூத்திரம் இருக்கிறது: ஒரு மில்லி வோர்ட்டுக்கு (மால்ட், அதாவது முளைகட்டிய பார்லியிலிருந்து எடுக்கும் இனிப்புச் சாறு), அதன் ஒவ்வொரு பிளேட்டோ டிகிரிக்கும் (சர்க்கரைச் செறிவின் அளவு), ஏல் என்றால் ஏழரை லட்சம் ஈஸ்ட் செல், லாகர் என்றால் பதினைந்து லட்சம். லாகரில் ஒரு வகையான சாதாரண பில்ஸ்னர் 12 பிளேட்டோ, அதாவது அடர்த்தி பார்க்கும் ஹைட்ரோமீட்டரில் 1.048. 20 லிட்டர் காய்ச்சினால் 36,000 கோடி செல் தேவை. புத்தம்புதிய பாக்கெட்டில் இருப்பது சுமார் 10,000 கோடி. அதுவும் கம்பெனியிலிருந்து கிளம்பிய அன்று. கடை ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் கிடக்கும்போது மாதத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு செத்துப்போகிறது என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இரண்டு மாதம் பழையது என்றால் ஆறரை ஆயிரம் கோடி தேறினால் பெரிது. பாக்கெட்டில் தேதி பார்க்காமல் வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும், பால் பாக்கெட்டுக்குக் கொடுக்கிற மரியாதையை இதற்குக் கொடுப்பதில்லை.

நம் ஊர் ஆட்களுக்கு இதில் ஒரு குழப்பம் வருவது இயல்பு. ஒரு ஸ்பூன் உறைமோர் ஒரு சட்டிப் பாலைத் தயிராக்கிவிடுகிறதே, ஈஸ்ட்டும் தானாகப் பெருகிக்கொள்ளாதா? பெருகும். ஆனால் பெருகுகிற வேலையை அது உங்கள் பீருக்குள்ளேயே செய்யும், அதன் கழிவுகளையும் அங்கேயே விடும். குறைந்த ஈஸ்ட் நிறைய முறை பிளக்க வேண்டியிருந்தால் டைஅசிட்டைல் கூடும், பாப்கார்னில் ஊற்றுகிற வெண்ணெய் வாசனை. எஸ்டர்களும் ஏறி, பில்ஸ்னரில் இருக்கக்கூடாத பழவாசனை வரும். லாகர் 10 டிகிரி செல்சியஸில் நொதிக்கிறது, அந்தக் குளிரில் ஈஸ்ட் நடப்பதே மெதுவாக. அது விழித்து எழுவதற்குள் பாக்டீரியா பந்தியில் உட்கார்ந்துவிடும். இதற்கு மாற்றாக 20 டிகிரியில் ஈஸ்ட்டைப் போட்டு, நுரை கட்டியதும் குளிரவைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. வேலை நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் முதல் சில மணி நேரத்துச் சூட்டில்தான் வேண்டாத வாசனைகளில் பல உருவாகின்றன என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

ஸ்டார்ட்டர் என்பது ஹாப்ஸ் (கசப்புக்குப் போடுகிற பூ) இல்லாத சின்ன பீர்தான். ஒரு லிட்டருக்கு 100 கிராம் உலர் மால்ட் பவுடர், இந்த விகிதத்தில் 1.037 பக்கம் வரும். இதைவிடக் கெட்டியாகப் போட்டால் சீக்கிரம் பெருகும் என்று நினைக்காதீர்கள், சர்க்கரையும் ஆல்கஹாலும் கூடக்கூட ஈஸ்ட்டுக்குச் சிரமம்தான். பவுடரைத் தண்ணீரில் கரைத்து, ஈஸ்ட் நியூட்ரியன்ட் ஒரு சிட்டிகை போட்டு, கால் மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். கூம்புக் குடுவையிலேயே நேராக அடுப்பில் வைக்கச் சொல்வார்கள், படங்களில் அழகாக இருக்கும், ஆனால் அந்தக் குறுகிய கழுத்தில் நுரை ஒரே பாய்ச்சலாக ஏறி அடுப்பெல்லாம் பிசுபிசுப்பாகும், மின்சாரக் காயில் அடுப்பு என்றால் கண்ணாடி விரிசல் விடவும் செய்யும். சாதாரணப் பாத்திரத்தில் கொதிக்கவைத்து, மூடியோடு சிங்க்கில் ஐஸ் தண்ணீரில் உட்காரவைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஸ்டார் சான் என்கிற கிருமிநாசினி போட்டு அலசிய குடுவையில் ஊற்றினால் போதும். ஸ்டார் சான் நுரை கொஞ்சம் தங்கினால் பயப்பட வேண்டாம்.

லாகர் ஈஸ்ட்டாகவே இருந்தாலும் ஸ்டார்ட்டரை அறைச் சூட்டில்தான் வைக்க வேண்டும். இதை யாரும் குடிக்கப்போவதில்லை, செல் எண்ணிக்கை ஏறினால் சரி. வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடினால் போதும், ஏர்லாக் (வாயுவை வெளியே மட்டும் விடுகிற மூடி) வேண்டாம். காற்று உள்ளே போக வேண்டும், ஏனென்றால் ஈஸ்ட் தன் செல் சவ்வுக்கு வேண்டிய ஸ்டெரால்களை ஆக்சிஜன் இல்லாமல் செய்ய முடியாது, அந்தச் சவ்வு இல்லாமல் அடுத்த தலைமுறை இல்லை.

இங்கேதான் ஸ்டிர் பிளேட் வருகிறது. ஒரு பெட்டிக்குள் சுழலும் காந்தம், குடுவைக்குள் மாத்திரை மாதிரி ஒரு வெள்ளைக் காந்தக் குச்சி, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் ஃபேன் மேல் இரண்டு காந்தம் ஒட்டி வீட்டிலேயே செய்துகொள்கிறவர்கள் நிறையப் பேர், நன்றாகவே ஓடும். நடுவில் சின்னக் குழி விழுகிற வேகம் போதும், கிரைண்டர் மாதிரிச் சுற்ற வேண்டாம். முதலில் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது அரை நாளில் கலங்கி, மறுநாள் பால் அதிகமாகிப்போன டீ நிறத்துக்கு வந்துவிடும். குச்சி தடம் மாறி அடியில் கடகடவென்று அடித்தால் வேகத்தைக் குறைத்து மறுபடி பிடிக்க வேண்டும்.

ஸ்டிர் பிளேட்டில் ஒரு கிராம் மால்ட் பவுடருக்குச் சுமார் 140 கோடி புதுச் செல் கிடைக்கும் என்று கணக்கு வைக்கலாம். சும்மா வைத்து அவ்வப்போது ஆட்டிவிட்டால் அதில் பாதி வந்தால் சந்தோஷம். ஆறரை ஆயிரம் கோடியில் தொடங்கி 36,000ஐத் தொட 210 கிராம் பவுடர் வேண்டும், அதாவது இரண்டு லிட்டருக்கு மேல். கையில் இருப்பது 2 லிட்டர் குடுவை என்றால் நுரைக்கு இடம் விட்டு அதில் இதைச் செய்ய முடியாது, இரண்டு கட்டமாகப் போக வேண்டும். முதலில் ஒரு லிட்டர், அது முடிந்ததும் ஃபிரிட்ஜில் படியவிட்டு, மேலே நிற்பதைக் கொட்டிவிட்டு, அதே வண்டல் மேல் புதிதாக ஒன்றரை லிட்டர். முதல் சுற்றில் 20,000 கோடி, இரண்டாவதில் 40,000ஐ ஒட்டி வரும். மிச்சம் இருக்கும் நாலாயிரம் வீணில்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்படிப் படிப்படியாக ஏற்றுவது ஒன்றும் வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி அல்ல. 1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய லாகர் ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தபோது அவர் செய்ததும் இதுதான், சின்னக் குடுவையிலிருந்து பெரிதுக்கு, அங்கிருந்து தொட்டிக்கு. அதுவரை நல்ல ஈஸ்ட்டோடு காட்டு ஈஸ்ட்டும் கலந்து, தொட்டி தொட்டியாக பீர் கெட்டுக்கொண்டிருந்தது. கார்ல்ஸ்பெர்க் முதலாளி யாகப்சன் அந்த ஈஸ்ட்டைப் பூட்டி வைக்காமல் மற்ற ப்ரூவரிகளுக்கும் கொடுத்தார் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

சுற்று முடிந்ததும் அவசரப்பட்டு மொத்தத்தையும் பீரில் கவிழ்க்காதீர்கள். ஒன்றரை லிட்டர் காற்றுப்பட்டு புளித்த மால்ட் தண்ணீர் அது, மோந்து பார்த்தாலே தெரியும், இருபது லிட்டர் மென்மையான பில்ஸ்னரில் அதற்கு ஒளிய இடம் கிடையாது. இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். லாகர் ஈஸ்ட் சோம்பேறி, ஒரே ராத்திரியில் படியாது. அடியில் தந்த நிறத்தில் இறுகிய அடுக்கு தெரிந்ததும் மேலே உள்ளதைச் சாய்த்துக் கொட்டலாம். கொட்டும்போது குடுவைக்கு வெளியே அடியில் ஒரு காந்தத்தைப் பிடித்துக்கொண்டால் குச்சி உள்ளேயே நிற்கும். வண்டலைக் கலக்க ஒரு கை அளவு திரவத்தை விட்டுவையுங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, உலர் ஈஸ்ட் இருக்கிறதே என்பவர்களுக்கு: சரியான கேள்வி. டபிள்யூ-34/70 மாதிரி 11.5 கிராம் பாக்கெட் இரண்டு வாங்கிப் போட்டால் ஸ்டார்ட்டரே வேண்டாம், அதில் ஸ்டெரால் சேமிப்போடுதான் காயவைக்கிறார்கள். அவசரத்துக்கு நானும் அதைத்தான் வாங்குவேன். ஆனால் உலர்ந்த வடிவில் வராத வகைகள் நிறைய இருக்கின்றன, ஒரு குறிப்பிட்ட செக் பில்ஸ்னர் ருசி வேண்டும் என்றால் திரவம்தான் வழி.

வோர்ட்டை 9 டிகிரிக்குக் குளிரவைத்து, ஆக்சிஜன் ஏற்றி, அப்புறம் வண்டலை ஊற்றுங்கள். ஊற்றும்போது ஈஸ்ட் வோர்ட்டைவிட வெகு சூடாக இருக்கக்கூடாது, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினாலும் பரவாயில்லை. ஊற்றும் முன் அந்த மிச்ச நாலாயிரம் கோடியைச் சுத்தமான சின்ன ஜாடியில் எடுத்து, தேதி எழுதி ஒட்டி, ஃபிரிட்ஜின் பின்பக்கம் தள்ளிவிடுங்கள். அடுத்த லாகருக்குப் பாக்கெட் வாங்க வேண்டாம், அதிலிருந்தே இதே இரண்டு கட்டம் போடலாம், ஒரு மாதத்துக்குள் எடுத்தால் நல்லது. மூடியை மட்டும் இறுக்கித் திருகாதீர்கள், மிச்சச் சர்க்கரையில் வாயு சேர்ந்து ஜாடி வெடித்தால் ஃபிரிட்ஜ் முழுக்கக் கண்ணாடித் தூள்தான்.