ஆங்கரேஜில் இறங்கினால் ஒரு நாள் தங்குங்கள்

அலாஸ்கா போகும் நம் ஆட்கள் பலர் ஆங்கரேஜில் இறங்கி, ராத்திரி தூங்கிவிட்டு, விடிந்ததும் வட அமெரிக்காவின் மிக உயரமான மலையான டெனாலிக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது மனசே ஆறவில்லை. காடும் மலையும் பனியும் இந்த ஊரை ஒட்டியே இருக்கின்றன.

கிழக்கே சுகாச் மாநிலப் பூங்கா, ஏறக்குறைய 2,000 சதுர கிலோமீட்டர். ஊருக்குள்ளிருந்து அரை மணி நேரம் கார் ஓட்டினால் ஃப்ளாட்டாப் மலையின் அடிவாரம். கடைசிக் கொஞ்ச தூரம் பாறையைக் கையால் பிடித்துத்தான் ஏற வேண்டும். மேகம் விலகியிருந்தால் 200 கிலோமீட்டருக்கு அப்பால் டெனாலியே தெரியும்.

ஆனால் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், நான் சொல்வது தெற்கே போகும் சீவர்ட் நெடுஞ்சாலை. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் டர்னகெய்ன் ஆர்ம் என்ற குறுகிய கடல்கழி, நடுவில் ரோடும் ரயில் பாதையும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போங்கள். அப்போதுதான் கடல் ஏறத் தொடங்கும்போது கழிக்குள் ஒற்றை அலையாகப் பாயும் 'போர் டைட்' (bore tide) பெரிதாக வரும். ஆங்கரேஜில் கடல் முழுக்க உள்வாங்கியதற்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம் கழித்து பெலுகா பாயின்டில் நின்றால் பார்க்கலாம். முதலில் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அப்புறம் இரைச்சல். பிறகு கழியின் முழு அகலத்துக்கும் ஒற்றை அலை, வெறும் சேற்றுத் திட்டுகளை மூடிக்கொண்டே உள்ளே ஏறிப் போகிறது. சில நாள் இரண்டு மீட்டருக்கு மேலும் எழும்புமாம். நான் பார்த்தது இடுப்பளவுதான். அதற்கே மெய் சிலிர்த்தது.

அந்தச் சேற்றில் மட்டும் கால் வைக்காதீர்கள். பனியாறுகள் அரைத்துக் கொண்டுவந்த பாறை மாவு அது. பார்க்கக் கெட்டியாக இருக்கும், மிதித்தால் இளகும், பிறகு காலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஏறும் வேகமோ பயங்கரம். இதில் சிக்கி உயிர்விட்டவர்கள் உண்டு.

கழியின் கோடியில் போர்ட்டேஜ். 1964 மார்ச் 27 அன்று 9.2 அளவில் நிலம் நடுங்கியபோது இங்கே தரை சுமார் இரண்டு மீட்டர் தாழ்ந்து, கடல்நீர் உள்ளே வந்தது. ஊர் போய்விட்டது. உப்பு குடித்துச் செத்த மரங்கள் மட்டும் இன்னும் விழாமல், சாம்பல் நிறத்தில், பட்டை உரிந்து நிற்கின்றன. உப்பே அவற்றை மக்கவிடாமல் வைத்திருக்கிறது. நிறைய வண்டிகள் நிற்காமல் போகின்றன. நீங்கள் நில்லுங்கள்.

பக்கத்துப் பள்ளத்தாக்கில் போர்ட்டேஜ் பனியாறு. 1986-ல் பார்வையாளர் மையம் திறந்தபோது ஜன்னலிலிருந்தே பனி தெரிந்தது. இப்போது அது மலை வளைவுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டது. பார்க்க ஏரியில் படகு ஏற வேண்டும். கோடையில் படகு ஓடுகிறது. காசு போனாலும் ஏறுங்கள்.

ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு பதினொன்றரை தாண்டிவிடும். அதனால் திரும்ப அவசரமே இல்லை. வழியில் கிர்ட்வுட்டில் சாப்பிட்டுவிட்டு, விண்டி கார்னரில் மலைச்சரிவைப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று டால் காட்டாடுகள் ரோட்டுக்கு மிக அருகில் மேயும். வண்டி நிறுத்த ஒதுக்கிய இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். அந்த வளைவில் எதிரே வருபவர்கள் நல்ல வேகத்தில் வருவார்கள்.