திருவனந்தபுரம் லா காலேஜும் ரெண்டு பொம்பளைங்களும்

ஃபாத்திமா பீவின்னா நம்ம ஊர்ல முக்கால்வாசி பேருக்கு 2001-ல ஜெயலலிதாவுக்கு பதவிப்பிரமாணம் பண்ணி வச்ச கவர்னர்னுதான் ஞாபகம் வரும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அவங்க படிச்சது திருவனந்தபுரம் அரசு சட்டக் கல்லூரி. டெல்லி, பம்பாய் அளவுக்கு பேர் அடிபடுற இடமெல்லாம் கிடையாது, ஆனா அங்கேருந்து வந்தவங்கள பாத்தா அசந்துருவீங்க.

முதல்ல அன்னா சாண்டி. 1920கள்ல, பொண்ணுங்க லா படிக்கிறதே அதிசயமா இருந்த காலத்துல போய் உக்காந்து படிச்சு, கேரளாவோட முதல் பெண் சட்டப் பட்டதாரி ஆனாங்க. ‘ஸ்ரீமதி’ன்னு ஒரு பத்திரிகை வேற நடத்துனாங்க. 1937-ல திருவிதாங்கூர்ல முன்சீப், 1959-ல கேரளா ஹைகோர்ட் ஜட்ஜ், இந்தியாவுல எந்த ஹைகோர்ட்லயும் அதுக்கு முன்னாடி ஒரு பொண்ணு ஜட்ஜா இருந்ததில்ல.

இவங்கள பாத்துட்டுதான் பத்தனம்திட்டாவுல ஒரு அப்பா, சயின்ஸ் படிச்சுட்டிருந்த தன் பொண்ண லா படிம்மான்னு தள்ளிவிட்டாரு. அந்தப் பொண்ணுதான் ஃபாத்திமா பீவி. 1950-ல பார் கவுன்சில் பரீட்சைல முதலிடம், அப்புறம் கீழ்க்கோர்ட்ல முன்சீப்பா ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா ஏறி 1989-ல சுப்ரீம் கோர்ட்டோட முதல் பெண் ஜட்ஜ். ரெண்டு பேருமே ஒரே காலேஜ்! நாம என்னடான்னா அந்த ஒரு பதவிப்பிரமாணத்த மட்டும் பிடிச்சுட்டு தொங்கிட்டிருக்கோம்.